பத்துத் தோட்டாவும் சரியாக இருந்த நாள்

புதிதாக வந்திருக்கும் ஐந்து பேருக்கும்,

நான் இந்த வேலையை விட்டுப் போவதற்கு முன்பு உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி பழைய ஆள் என்ற பெயரில் அனுபவம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் புத்தளம் மாவட்டத்தில் வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகளுக்குத் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியை ஆறு வருடம் விடாமல் நடத்தியவள் நான் மட்டும்தான். துவக்கை எப்படித் திறந்து தோட்டாவை எடுப்பது, எப்படித் துடைப்பது, எங்கே பூட்டி வைப்பது என்பதெல்லாம் உங்களிடம் உள்ள கைநூலில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதியதும் நான்தான். கைநூலில் எழுதாமல் விட்ட ஒரு நாளைப் பற்றி இங்கே சொல்கிறேன். அன்று நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வாசித்த பிறகு உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் உடப்பு மீன்பிடிக் கிராமத்தைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் வாசிப்பேன். நான் வாசிப்பதுதான் கடிதம். சவூதிக்குப் போன மாமா கட்டடத்திலிருந்து விழுந்து கை முறிந்த செய்தி வந்தபோது அந்த வரிகளைத் தாண்டி வாசித்தேன். அம்மா சந்தோஷமாக மீன் கழுவப் போனார். படித்தவளுக்கு அப்படி ஓர் அதிகாரம் இருக்கிறது என்பதை அன்றே தெரிந்துகொண்டேன். பின்னர் சிங்களமும் படித்தேன். அதனால்தான் இந்த வேலை கிடைத்தது. துவக்குக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. நான் இந்த வேலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா, "பொம்பிளப் பிள்ள துவக்கோட நிக்கிற காலம் முடிஞ்சு போச்செண்டுதானே நினைச்சம்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் யானைக்கும் பன்றிக்கும் பயந்து அனுமதியோடு துவக்கு வைத்திருக்கும், காட்டை வெட்டிப் பயிர் செய்யும் சேனைக்காரர்கள். ஆரம்பத்தில் ஒரு வத்தகப்பழத்தைக் கட்டையில் வைத்து, பத்தடி தூரத்திலிருந்து சுட்டுக் காட்டுவோம். பழம் சிதறும். துவக்கு என்ன செய்யும் என்று பார்த்துப் பயப்படுவார்கள் என்பது எங்கள் எண்ணம். நடந்தது வேறு. அடுத்த வகுப்புக்கு இரண்டு மடங்கு ஆட்கள் வந்தார்கள். வேலியோரம் பிள்ளைகள். ஒருவர், "ரீச்சர், இண்டைக்குப் பூசணிக்கா வச்சுப் பாப்பமா?" என்று கேட்டார். பயத்தைக் கற்றுக்கொடுக்கப் போய் ஆசையைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று விளங்கியது.

சுடுவதை நிறுத்திவிட்டு, போலித் தோட்டாக்களை வைத்து அவர்கள் கையாலேயே பழகச் செய்தேன். வழமையாகப் போலித் தோட்டாவுக்கு நிறம் பூசியிருக்கும். அதை வாங்கிய ஆட்கள் விளையாட்டுச் சாமான்போலத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. புத்தளத்தில் ஒரு பட்டறைக்காரரைப் பிடித்தேன். சுட்டு முடிந்த கூடுகளில் மணல் நிரப்பி, வாயை மூடி, அடிப்பக்கத்துக்குப் புதிய மூடி போட்டுப் பத்துத் தோட்டாக்கள் செய்யச் சொன்னேன். அசலையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. உண்மையானது என்று நினைத்துப் பிடித்தால்தான் கை ஒழுங்காகப் பழகும் என்று கூட்டத்தில் விளக்கினேன். எல்லோரும் பாராட்டினார்கள். நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

வகுப்பின் கடைசியில் ஒரு செய்முறை வைத்திருந்தேன். போலித் தோட்டா ஒன்றைத் துவக்கில் போட்டு, வெளியே காட்டுப் பக்கம் நீட்டி, விசையை இழுப்பேன். 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். "இந்தச் சத்தம்தான் நல்ல சத்தம். இதைக் கேட்டா வீட்டில எல்லாரும் உயிரோட இருக்கிறாங்கள்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். விசை அடித்த குழி தெரியாமல் இருக்க, பிறகு அந்தத் தோட்டாவின் அடிமூடியைப் பட்டறையில் மாற்றிவிடுவேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தொண்ணூறில் இயக்கம் வெளியேற்றியதால் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் ஒரு கிராமம். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சங்கக் கட்டடம். கச்சான் கடலை பிடுங்கும் காலம், பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எங்கள் வகுப்புகளுக்கு எப்போதும் பொலிஸ் நிலையத்திலிருந்து ஒரு சார்ஜன் வந்து முன்னால் கதிரையில் உட்கார்ந்திருப்பார். சிங்களவர், அதிகம் பேசாதவர். அவர் சொல்வதை நான் தமிழில் சொல்வேன்; ஆட்கள் கேட்பதைச் சிங்களத்தில் அவருக்குச் சொல்வேன். அன்றும் வழமைபோலத் தொடக்கத்திலேயே அவர் ஒரு விதியைச் சொன்னார். பயிற்சி நடக்கும் இடத்துக்கு யாராவது உண்மையான தோட்டா கொண்டுவந்தால், அவருடைய துவக்கு விசாரணை முடியும்வரை பொலிஸில் இருக்கும். கச்சான் காலத்தில் துவக்குப் போனால் சேனையும் போனதுபோலத்தான். நான் அதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு வகுப்பை நிறுத்தினோம். அந்த நேரம் போலித் தோட்டாக்கள் பத்துப் பேர் கையில் இருந்தன. அவர்கள் அப்படியே சாரன் மடிப்பில் சொருகிக்கொண்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொருவரிடமும் வாங்கி எண்ணினேன். பத்து. சரியாக இருக்கிறது என்று சார்ஜனிடமும் சொன்னேன். அவர் புத்தகத்தில் எழுதினார்.

பின்னேரம் கடைசிச் செய்முறைக்காகப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தேன். துவக்குத் திறந்தபடி இடது கையில் இருந்தது. தோட்டா வலது கையில் ஏதோ பாரமாக இருந்தது. பெரிய பாரமில்லை. ஆனால் நான் சின்ன வயதில் அம்மாவோடு இருந்து வலைக்கு ஈயம் கட்டியவள். மணலுக்கும் ஈயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை என் கை மறக்காது.

முன்னால் பதினேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் அந்த 'டிக்' சத்தத்துக்காகச் சிரிக்கக் காத்திருந்தார்கள்.

துவக்கைக் கீழே வைத்தேன். அந்தத் தோட்டாவை என் பென்சில் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அப்போதுதான் மற்றப் பாதி விளங்கியது. உண்மையான தோட்டா என்னிடம் வந்திருக்கிறது என்றால், என் மணல் தோட்டா யாரோ ஒருவருடைய மடியில் இருக்கிறது. இன்று இரவு அவர் அதைத்தான் துவக்கில் போடப்போகிறார். யானை வந்து நிற்கும். அவர் மேலே காட்டி விசையை இழுப்பார்.

சிங்களத்தில் சொன்னால் சார்ஜன் விதிப்படி நடப்பார். யாரென்று தெரியும்வரை எல்லாத் துவக்குகளையும் எடுத்துக்கொண்டு போகலாம். சொல்லாவிட்டால் ஒருவர் சாகலாம். எனக்கு அந்த நேரம் ஒரு வழிதான் தெரிந்தது. மாமாவின் கடிதத்தை வாசித்தவளுக்குத் தெரிந்த வழி. ஆட்களைப் பார்த்து, வகுப்பு எடுக்கும் அதே குரலில், சிரித்த முகத்தோடு தமிழில் சொன்னேன்.

"உங்களில ஆரோ ஒருத்தர்ட மடியில என்ட மணல் தோட்டா இருக்கு. உங்கட உண்மைத் தோட்டா என்னட்ட இருக்கு. சேருக்குத் தமிழ் விளங்காது. அவரைப் பார்க்காம, சத்தம் போடாம வந்து மாத்திக்கொண்டு போங்க."

சிலர் கூரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்தவர் தன் கால் நகத்தைப் பார்த்தார்.

சார்ஜன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "என்ன சொன்னீர்கள்?"

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னேன் சேர்."

"அப்படியா? சொல்லட்டுமே" என்றார்.

பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "ஸ்தூதி மாத்தயா" என்று சிங்களத்தில் நன்றி சொன்னார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்று ஸ்தூதி சொன்னார்கள். பதினேழு பேரும் சொன்னார்கள். தோட்டாவோடு ஒருவரும் வரவில்லை. சார்ஜன் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டு, தொப்பியை எடுத்தார். குளத்தடியைப் பார்த்துவிட்டு அரை மணித்தியாலத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போனார். எத்தனையோ வகுப்புகளுக்கு என்னோடு வந்தவர், எந்த ஊரிலும் குளம் பார்க்கப் போனதில்லை.

எனக்கு ஆட்கள்மீது கோபம் வந்தது. உயிர்க் காரியத்தில் இப்படியும் பிடிவாதமா என்று நினைத்தேன். தேத்தண்ணி கொடுக்க வந்திருந்த ஓர் அக்கா, ஊரில் எல்லோருக்கும் ராத்தா, கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டே என் பக்கத்தில் வந்தார்.

"என்ன மகள் நீங்க? அந்த மனிசனுக்குத் தமிழ் விளங்காதெண்டு ஆர் சொன்னது?"

"அவர் ஒருநாளும் கதைக்கிறதில்லையே ராத்தா."

"கதைக்க மாட்டார். எங்கட மூத்த மகள்ட கலியாணத்துக்கு வந்து, மாப்பிள்ளையைப் பகிடி பண்ணிப் பண்ணிச் சிரிச்சவர். எல்லாம் தமிழில. காக்கிச் சட்டை போட்டா அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பிடி இருந்தாத்தான் எங்களுக்கும் நல்லம், அவருக்கும் நல்லம். ஊருக்கே தெரியும். நீங்க அவரை வச்சுக்கொண்டே விளங்காதெண்டு சொன்னா, அவரும் நீங்களும் சேர்ந்து பொறி வைக்கிறீங்களெண்டு இவங்க நினைக்க மாட்டாங்களா?"

அந்தக் கட்டடத்தில் நடப்பது விளங்காமல் நின்றவள் நான் ஒருத்திதான். குளம் பார்க்கப் போனவர் ஏன் போனார் என்பதும் அப்போதுதான் விளங்கியதுபோல இருந்தது. விளங்கியதா என்று இன்றும் நிச்சயமில்லை.

ஆட்களிடம் திரும்பினேன். "நானாமார், அவர் போயிட்டார். நான் எழுத மாட்டேன். இப்ப காட்டுங்க."

"ரீச்சர் முதல்ல உங்கட மடியைக் காட்டுங்க" என்றார் ஸ்தூதியைத் தொடங்கி வைத்தவர். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பென்சில் பெட்டியைத் திறந்து, அந்தத் தோட்டாவை மேசையில் வைத்தேன். சிரிப்பு நின்றது. அவர் மெதுவாகத் தன் மடிப்பை அவிழ்த்து ஒரு தோட்டாவை எடுத்து வைத்தார். பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். ஆறு தோட்டாக்கள் வந்தன.

நான் நடத்திய வகுப்புகளில் ஒருவரும் விதியை மீறியதில்லை என்று அறிக்கைகளில் எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

"ஏன் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கதானே ரீச்சர் போன முறை சொன்னீங்க, தோட்டாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில வைக்கச் சொல்லி" என்றார் அவர். பகிடியாகச் சொல்லவில்லை. "எங்கட குடில்ல அலுமாரி இல்ல. பூட்டுற பெட்டி இல்ல. மடியை விட எட்டாத இடம் எங்க இருக்கு?"

அதற்குக் கைநூலில் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஆறையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆறும் ஈயம். என் மணல் அங்கே இல்லை. அப்படியென்றால் அது போய்விட்டது. வரவுத்தாளை எடுத்தேன். பதினெட்டுக் கையொப்பம். இருப்பவர்கள் பதினேழு.

"ஆர் முந்திப் போனது?"

ராத்தா கிளாஸ்களைக் கீழே வைத்தார். "எங்கட ஆள்" என்றார்; கணவரைத்தான் சொன்னார். "தொழுதிட்டு வந்து உங்கட கையில தோட்டாவைத் தந்திட்டு அப்பிடியே காவலுக்குப் போனவர். போனும் இங்க என்னட்ட."

ஆறு பேரும் தங்கள் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். உண்மையான தோட்டாக்களைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு போகும்படி சொன்ன முதல் பயிற்சியாளர் நானாகத்தான் இருப்பேன். பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு ராத்தாவோடு ஓட்டோவில் ஏறினேன். வழியில் அவர், "முந்தநாள் அந்தப் பாலை மரத்தடி வரைக்கும் வந்தது" என்றார். எது என்று நான் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வெயில் இருந்தது, ஆனால் சாய்ந்திருந்தது. கச்சான் சேனையின் ஓரத்தில் காவல் பரண். அவர் எங்களைக் கண்டதும் இறங்கினார். இறங்குவதற்கு முன் துவக்கைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, திறந்தபடியே தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் கற்றுக்கொடுத்தபடியே, ஒரு பிழையும் இல்லாமல். அதைப் பார்த்து அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தோட்டாவைப் பார்த்தார்.

"இது என்ட. பொலிஸில கையொப்பம் வச்சு எடுத்தது."

"பாரத்தைப் பாருங்க நானா. இது உங்கட, அது என்ட."

இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்டுபோலத்தான் இருக்கு."

"மாத்திக்கொண்டு விடுங்களன்" என்றார் ராத்தா. "பிள்ள இவ்வளவு தூரம் வந்திருக்குது."

"அது என்ன தோட்டாவெண்டு எனக்கென்ன தெரியும்? என்ட கையில இருக்கிறதைக் குடுத்திட்டு அந்தப் பிள்ள சொல்றதை வாங்கச் சொல்றியா?" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல் சொன்னார். "கோவிக்காதீங்க மகள். மன்னாரில எனக்கு இருபது வயசு. துவக்கு வச்சிருந்த பிள்ளைகள் வந்து, இப்ப வெளிக்கிடுங்க, பிறகு வரலாமெண்டு சொன்னாங்க. அவங்களும் தமிழ்ப் பிள்ளைகள்தான், உங்களைப்போலப் படிச்ச பிள்ளைகள்தான். நம்பித்தான் வெளிக்கிட்டம். அதுக்குப் பிறகு நான் ஆர் சொன்னாலும் கண்ணால பாக்காம நம்புறதில்ல."

நான் அப்போது பிறந்தும் இருக்கவில்லை. மன்னாரை நான் பார்த்ததும் இல்லை. ஆனால் அதை அவரிடம் சொல்வது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ராத்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப சுட்டுப் பாருங்க" என்றேன்.

இதைத்தான் நான் நாலு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தோட்டா எதுவென்று தெரியாதபோது அதைச் சுட்டுப் பார்க்காதே என்று கைநூலில் எழுதியவள் நான். என் கை பிழைத்திருந்தால் அது வெடிக்கும். வெடிச் சத்தம் குளத்தடி வரை கேட்கும். சார்ஜனால் அதைக் கேட்காததுபோல இருக்க முடியாது.

காட்டுப் பக்கம் ஒருவரும் இல்லை என்று பார்த்தேன். ராத்தாவை எனக்குப் பின்னால் நிறுத்தினேன். அவர் தோட்டாவைப் போட்டுத் துவக்கை மூடி, மேலே நீட்டி, விசையை இழுத்தார்.

டிக்.

அவர் துவக்கை இறக்கப் போனார். "இறக்காதீங்க, பிந்தியும் வெடிக்கலாம்" என்றேன். முப்பது வரை எண்ணினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எண்ணியதில்லை. பிறகு திறக்கச் சொன்னேன். தோட்டா அப்படியே இருந்தது. அடிமூடியில் ஒரு சின்னக் குழி மட்டும் விழுந்திருந்தது.

அவர் அந்தப் பாலை மரத்தைப் பார்த்தார். பரணிலிருந்து பதினைந்து அடி இருக்கும். அங்கேயே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்தச் சத்தம்தான் நல்ல சத்தமெண்டு சொன்னீங்க, ரீச்சர்."

குத்திக் காட்டவில்லை. ஞாபகப்படுத்தியதுபோலத்தான் சொன்னார். ராத்தா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் பென்சில் பெட்டியை நீட்டினேன். அவர் தன் தோட்டாவை எடுத்தார், என்னுடையதை வைத்தார். இருவரும் நன்றி சொல்லவில்லை. யார் யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

கட்டடத்துக்குத் திரும்பியபோது சார்ஜன் தனியாக மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். சிங்களத்தில் கேட்டார்: "பத்தும் சரியா?"

"பத்தும் சரி சேர்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவர் புத்தகத்தைத் திறக்காமலே புறப்பட்டுப் போனார். நான் அறிக்கை எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தக் கிராமத்தில் ஏழு துவக்குகள் போயிருக்கும். எழுதாததால் மடியில் தோட்டாவோடு எத்தனை பேர் எத்தனை வகுப்புகளுக்கு வந்தார்களோ எனக்குத் தெரியாது. பூட்டுப் பெட்டிகள் கேட்டு அலுவலகத்துக்கு ஐந்து தடவை எழுதினேன். ஏன் என்று மட்டும் எழுத முடியவில்லை. பெட்டிகள் இன்னும் வரவில்லை; நீங்களும் எழுதுங்கள்.

அடுத்த வகுப்புக்கு முன்பு பத்துத் தோட்டாவுக்கும் பச்சை நிறம் பூசினேன். சார்ஜன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏன் இந்த நிறம் என்று சிங்களத்தில் கேட்டார். என்ன நினைத்தேனோ, நான் தமிழில் பதில் சொன்னேன்.

"ஆட்களுக்கு மாறாம இருக்க, சேர்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தமிழ் விளங்காதே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தோட்டாவைப் பெட்டியில் வைத்தார். புத்தகத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெட்டி அலுவலக அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. திறந்தால் பத்தும் பச்சையாக இருக்கும். ஒன்றின் அடிமூடியில் மட்டும் குழி இருக்கும். செய்முறைக்கு அதைப் பாவிக்காதீர்கள். அதைப் பட்டறைக்குக் கொடுத்து மாற்றவும் வேண்டாம். வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு நாளும் வெளிக்கிடுவதற்கு முன் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பாரம் பார்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.